ஏழு மீட்டர் ரோட்டில் எத்தனை வண்டி?



லைசென்ஸுக்காக 'எட்டு' போடத் தெரிந்த நமக்கு, ரோட்டில் போட்டிருக்கும் கோட்டைப் படிக்கத் தெரியவில்லை என்பது என் கருத்து. கோபப்படாதீர்கள். முதல் குற்றவாளி நானே.

செக்காலைப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். 'ரெண்டே நிமிஷம்தானே' என்று வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினேன். எதிரே ஏற்கெனவே ஒரு கார். திரும்பி வந்தால், 108 வண்டி தெருவுக்குள் திரும்ப முடியாமல் அலறிக்கொண்டு நிற்கிறது. டிரைவர் திட்டக்கூட இல்லை. "எடுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். யாரை ஏற்றப் போனார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். இரண்டு வழி ரோட்டின் தார்ப்பரப்பு 7 மீட்டர். ஓரமாக ஒரு கார் நின்றால் சுமார் 2 மீட்டர் போச்சு. எதிரே இன்னொன்று நின்றால் இன்னொரு 2. மிச்சம் 3. பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். ஆக, பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர்! சைக்கிள்காரர் எங்கே போவார், வீட்டுச் சுவரிலா? நிற்கும் வண்டிக்கு எதிரே இன்னொன்றை நிறுத்தாதே என்று 1989 சாலை விதிகளிலேயே எழுதிவைத்தது சும்மா இல்லை.

தெருமுனை அதைவிட மோசம். நம்ம ஊரில் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. முனையை அடைத்தால் இரண்டு பக்கத்துக்கும் வினைதான்.

நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால் பார்த்துத் தாண்டலாம். தொடர்ச்சியாக இருந்தால் தாண்டக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தொடர்கோடு உள்ள இடத்தில் ஓரத்தில் நிறுத்தவும் கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் நிறுத்தினால் பின்னால் வருகிறவர் கோட்டைத் தாண்டித்தானே போகணும்! பலகையில் நீல வட்டத்துக்குள் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் நிறுத்திவைக்காதே. பெருக்கல் குறி இருந்தால் ஆள் இறக்கக்கூட நிற்காதே.

சரி, கோடே அழிந்துபோன ரோட்டில்? அபராதம் மட்டும் அழியவில்லை. 100 ரூபாயாக இருந்தது 2019 திருத்தத்தில் 500 ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 'இங்கே நிறுத்தாதே' என்று சொல்கிறவர்கள் 'இங்கே நிறுத்து' என்று ஒரு கட்டமாவது வரைந்து காட்ட வேண்டாமா? உள்ளாட்சியைக் கலந்து நிறுத்துமிடம் குறிக்க 1988 சட்டத்தின் 117ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. காரைக்குடியும் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது.

கேட்பதானால் வெறுங்கையோடு போய்க் கேட்கக்கூடாது. சர்வே பிராக்டிகலுக்குக் கல்லூரி மைதானத்தையே எத்தனை வருஷம் அளப்பது? டேப்பை எடுத்துக்கொண்டு கல்லுக்கட்டிக்குப் போவோம். எந்தப் பக்கம் எத்தனை டூவீலர் நிற்கலாம், எந்த முனையைக் காலியாக விடணும் என்று டிராயிங் போட்டு மனுவோடு கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால் போனால்தான் அளக்க முடியும். சிவில்காரர்கள் மட்டும் என்றில்லை, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மெக்கானிக்கலும் வரலாம். யார் யார் வருகிறீர்கள்?