பெண் குறைந்தால் மதிப்பு ஏறுமா?

நாட்டில் பெண்கள் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு தானே ஏறும் என்று சில புத்திசாலிகள் சொல்லுகிறார்கள். அவர்கள் சீனாவைப் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்கிறோம்.

முன்னோருக்குப் படைக்கவும் குலப்பேர் சொல்லவும் ஆண்பிள்ளையே வேண்டுமென்பது அங்கே நெடுங்கால வைதிகம். 1980 முதல் 2015 வரை பிள்ளைப்பேற்றுக்குச் சர்க்கார் கடும் வரம்பு கட்டவே, ஸ்கேன் யந்திரத்தை மூடத்தனத்துக்கு ஏவலாளாக்கிப் பெண் கருவைத் தேடித்தேடி அழித்தார்கள். பலன் என்ன? 2020 ஜனக்கணக்கில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகம்!

மதிப்பு ஏறிற்றா? விலைதான் ஏறிற்று. பர்மாவின் கச்சின் நாட்டில் யுத்தத்தால் வீடிழந்த பெண்கள், வேலை தருவதாக ஏய்க்கப்பட்டுச் சீன எல்லைக்கப்பால் விற்கப்பட்டார்கள். 2019-ல் பாகிஸ்தானில், கலியாணத்தின் பேரால் பெண்களைக் கடத்தியதாகச் சீனர் பலர் பிடிபட்டார்கள்; அவ்வருஷமே 31 பேரைக் கோர்ட் விடுதலை செய்தது. சீன சிநேகம் கெடுமென்று மேலிடத்தார் விசாரணையை அமுக்குவதாக அந்நாட்டு அதிகாரிகளே பத்திரிகைக்காரரிடம் சொன்னார்கள். அதாவது, வல்லரசின் வீட்டில் பெண் குறைந்தால், அண்டை ஏழை நாட்டின் பெண்ணும் நீதியும் சேர்ந்தே விலைபோகின்றன.

தோழர்களே! பெண்ணை உடைமையாக எண்ணும் புத்தி உள்ளவரை, உடைமை அருகினால் களவு பெருகுமேயன்றி உடைமைக்கு உரிமை வருமா? பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கும், "இவன் வேண்டாம்" என்று சொல்லும் சுதந்திரமும் கொடுக்காத தேசம், எத்தனை கோடி பட்டாளம் வைத்திருந்தால்தான் என்ன யோக்கியதை?