பாட்டை விற்காத பெண்

பாதிப் பங்கு கேட்டார் மானேஜர். "முடியாது" என்றார் டாலி!

பாட்டு எழுதுகிற ஒருவருக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வர முடியாது. எல்விஸ் பிரெஸ்லி அவருடைய பாட்டைப் பாட விரும்பினார்!

அமெரிக்காவில் எல்விஸ் பெயரை அறியாதவர் இல்லை. அவர் பாடினால் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்கும். அப்படிப்பட்டவர், டாலி பார்ட்டன் என்ற இளம் பெண் 1974-ல் வெளியிட்ட பாட்டின் மேல் ஆசைப்பட்டார். டாலிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆனால் எல்விஸின் மானேஜர் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் எல்விஸ் பாடுவார்.

டாலி மறுத்துவிட்டார். மறுத்துவிட்டு இரவு முழுவதும் அழுதார். எல்விஸ் அந்தப் பாட்டை இசைத்தட்டில் பாடவே இல்லை. 1977-ல் அவர் இறந்துவிட்டார்.

இது பழைய கதைதான். ஆனால் இன்று செல்போனில் பாட்டுக் கேட்கும் காலம். எந்திரமே பாட்டுக் கட்டும் காலம். "பாட்டு யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வி மீண்டும் கிளம்பியிருக்கிறது. அதனால் டாலியின் கதைக்கும் புது மதிப்பு வந்திருக்கிறது.

சோள மாவு கூலி

டாலி 1946 ஜனவரி 19-ந் தேதி, டென்னசி மாநிலத்தின் மலைப் பகுதியில் பிறந்தார். பெற்றோருக்கு 12 பிள்ளைகள். டாலி 4-வது பிள்ளை. தகப்பனார் புகையிலை பயிரிட்ட ஏழைக் குடியானவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஒரு மூட்டை சோள மாவைக் கூலியாகக் கொடுத்தார்.

தாயார் கந்தல் துணிகளை ஒட்டுப் போட்டு மகளுக்கு ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் டாலி அதையே பாட்டாக எழுதினார். பஸ் பயணத்தில், கைக்குக் கிடைத்த சலவைக்கடை ரசீதின் மேல் எழுதினார். 1971-ல் வெளிவந்த அந்தப் பாட்டு அவருக்குப் பெரும் புகழைத் தந்தது.

அமெரிக்காவில் "கன்ட்ரி" என்று சொல்லும் கிராமிய இசை இப்படிப்பட்டதுதான். உழைக்கும் மக்களின் வீட்டுச் சுகதுக்கத்தை, எளிய சொல்லில், கித்தார் வாசித்துப் பாடுவார்கள். அந்த இசைக்குத் தலைநகரம் நாஷ்வில்.

1964-ல் டாலி பள்ளிப் படிப்பை முடித்தார். மறுநாளே நாஷ்வில்லுக்குப் புறப்பட்டார். முதலில் அவரைக் காப்பாற்றியது குரல் அல்ல, பேனாதான். தாய்மாமன் பில் ஓவன்சுடன் சேர்ந்து அவர் எழுதிய ஒரு பாட்டை வேறொருவர் பாடினார். 1966-ல் அது வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு போர்ட்டர் வாகனர் என்ற பாடகரின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் டாலிக்கு இடம் கிடைத்தது. பிறகு, அவரை விட்டுப் பிரிந்து தனியாகப் பாடப் போவதற்காக ஒரு விடைபெறும் பாட்டு எழுதினார். அதன் பெயர் "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ". எல்விஸ் ஆசைப்பட்டது அந்தப் பாட்டைத்தான்.

பணம் வரும் வழி

பாட்டை எழுதியவருக்குப் பணம் எப்படி வருகிறது?

அமெரிக்காவில் ரேடியோ நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் பணம் கொடுக்க வேண்டும். பாடியவருக்குக் கொடுக்க வேண்டியது இல்லை! இசைத்தட்டு விற்றாலும் எழுதியவருக்குத் தனிப் பங்கு உண்டு. வழக்கமாக அதில் பாதி வெளியீட்டாளருக்குப் போய்விடும். வெளியீட்டு உரிமையும் எழுதியவர் கையிலேயே இருந்தால் முழுத் தொகையும் அவருக்குத்தான். டாலி சொந்த வெளியீட்டுக் கம்பெனி வைத்திருந்தார். பார்க்கர் கேட்டது அந்தப் பங்கைத்தான்.

தொகை பெரியது அல்ல. 1909-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட். (100 சென்ட் சேர்ந்தது ஒரு டாலர்.) 1978 வரை, ஏறக்குறைய 70 ஆண்டுகள், அந்த 2 சென்ட் உயரவே இல்லை. 2023-ல்தான் அது 12 சென்ட் ஆயிற்று. சிறு துளிதான். ஆனால் நல்ல பாட்டுக்கு ஆயுள் அதிகம். துளி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும்.

50 டாலருக்குப் போன பாட்டு

எல்லோராலும் டாலியைப் போல மறுக்க முடியுமா?

வில்லி நெல்சனும் புகழ் பெற்ற கன்ட்ரி பாடலாசிரியர். பெயர் வாங்குவதற்கு முன்பு அவர் வறுமையில் வாடினார். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். "ஃபேமிலி பைபிள்" என்ற பாட்டை வெறும் 50 டாலருக்கு விற்றுவிட்டார். 1960-ல் கிளாட் கிரே என்பவர் பாடி அது வெற்றி பெற்றது. எழுதியவர்கள் பட்டியலில் நெல்சன் பெயரே இல்லை!

நெல்சனைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. டாலிக்கு அப்போது பாடும் தொழிலில் வருமானம் இருந்தது. அதனால் துணிந்து மறுக்க முடிந்தது. பசித்த வீட்டில் அந்தத் துணிச்சல் எளிதில் வராது.

18 ஆண்டுகளுக்குப் பின்

மறுத்ததால் டாலிக்குக் கிடைத்தது என்ன?

அவரே பாடிய அந்தப் பாட்டு 1974-ல் கன்ட்ரி வரிசையில் முதல் இடம் பெற்றது. 1982-ல் ஒரு சினிமாவுக்காக மறுபடியும் பாடினார். மறுபடியும் முதல் இடம்! 1992-ல் "பாடிகார்டு" என்ற படத்தில் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார். அமெரிக்கப் பாட்டு வரிசையில் 14 வாரம் முதல் இடத்தில் நின்றது. உலகமெங்கும் ரேடியோவில் ஒலித்தது. பணம் டாலி வீட்டைத் தேடி வந்தது. எல்விஸின் மாளிகையையே விலைக்கு வாங்கலாம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு வந்தது.

எந்திரம் வந்தது

இன்று இசைத்தட்டு வாங்குகிறவர்கள் குறைவு. மாதச் சந்தா கட்டிச் செல்போனில் கேட்கிறார்கள். அந்த வருமானத்தில், எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும் சேர்த்துக் கிடைப்பது 100-க்குச் சுமார் 15 பங்கு. இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குப் போவது அதைவிட மிக அதிகம். பாடவும் செய்கிறவர் கச்சேரி நடத்திச் சம்பாதிக்கலாம். எழுத மட்டும் தெரிந்தவர் என்ன செய்வார்?

இதற்கு நடுவில் செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் வந்துவிட்டன. லட்சக்கணக்கான பாட்டுகளைக் கேட்டுப் பழகி, நொடியில் புதுப் பாட்டுத் தருகின்றன. 2024 ஜூனில் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள், இப்படிப்பட்ட இரண்டு நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. 2025-ல் சில வழக்குகள் சமரசம் ஆயின.

டாலி பிறந்த டென்னசி மாநிலம் 2024 மார்ச்சில் ஒரு சட்டம் செய்தது. ஒருவருடைய குரலை அனுமதி இல்லாமல் எந்திரத்தால் நகல் செய்வது குற்றம். அந்தச் சட்டத்தின் சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? "எல்விஸ்"!

பாடுகிறவரின் குரலுக்குக் காவல் கிடைத்துவிட்டது. எழுதுகிறவரின் சொல்லுக்கும் அதே காவல் வேண்டும். டாலி தன் துணிச்சலால் தப்பினார். நெல்சன் வறுமையால் இழந்தார். ஒருவருடைய உழைப்பின் பலன், அவருக்குத் துணிச்சல் இருக்கிறதா, வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதைப் பொறுத்து இருக்கக்கூடாது. அதற்காகத்தான் சட்டம்.

தகப்பனுக்காக

1995-ல் டாலி ஒரு காரியம் தொடங்கினார். பிறந்தது முதல் 5 வயது வரை, குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக வீடு தேடி வரும். இதுவரை கொடுத்த புத்தகங்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டன.

இந்த எண்ணம் வரக் காரணம் அவருடைய தகப்பனார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குடியானவரின் மகள், தான் எழுதியதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.