ஆற்று மீனும் பாதரசமும்



கெட்டுப்போன மீனை நாம் நாற்றத்தால் அறிந்து ஒதுக்கிவிடுகிறோம். நாற்றமோ நிறமோ சுவையோ காட்டிக்கொடாத நஞ்சு மீனில் இருந்தால் என் செய்வது? கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், கிராசி நாரோஸ், வபாசீமூங் என்னும் ஊர்களில் வாழும் அனிஷினாபே பழங்குடி மக்களின் வீடுகளில் இக்கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்த வண்ணம் உள்ளது.

இவ்வூர்களுக்கு நீரோட்டத்தின் எதிர்த்திசையில், வபிகூன் ஆற்றங்கரையில் டிரைடன் என்னும் நகரம். அங்குள்ள காகித ஆலையில், கூழை வெளுக்கத் தேவையான குளோரினைத் தயாரிக்கப் பாதரசம் பயன்பட்டது. 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசம் ஆற்றில் விடப்பட்டது. ஆற்றடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசம் என்னும் கொடிய பொருளாக மாற்றின. புழுவினின்று சிறு மீனுக்கும், சிறு மீனினின்று அதை விழுங்கும் பெரு மீனுக்கும் செல்லச் செல்ல அதன் அளவு பெருகிற்று. அது மீனின் தசையிலேயே தங்குவதால், தோலை உரித்தாலும், நன்றாக வேகவைத்தாலும் நீங்குவதில்லை. உண்பவருக்குக் கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்வை குறுகும். கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் அது தாக்கும்.

1970இல் அரசு மீன் வணிகத்தைத் தடுத்தது. "மீன் உண்ணாதீர்" என்று சொல்வது எளிது. அம்மக்களுக்கோ மீனே உணவு, மீனே கூலி. வெளியூர்ப் பயணிகளை மீன்பிடிக்க அழைத்துச் செல்வதும் அவர்கள் பிழைப்பு. பாட்டனார் பேரனுக்கு ஆற்றின் போக்கைக் கற்பிப்பதும் வலையோடும் தூண்டிலோடும்தான். அத்தனையும் ஒரே ஆண்டில் கைவிட்டுப் போயின. மீனின் இடத்தில் கடைத் தகர டப்பாவும் மாவும் வந்தன. மீனோ புரதத்திற்கும் நல்ல கொழுப்பிற்கும் பேர்பெற்ற உணவு! ஆகவே முழுவதும் விலக்காமல், பிற மீன்களைத் தின்னும் வால்ஐ, பைக் போன்ற பெரு மீன்களைக் குறைத்து, வெண்மீன் எனப்படும் இனத்தையும் சிறிய மீன்களையும் தெரிந்தெடுக்கலாம் என்பது மருத்துவர் அறிவுரை. கருவுற்ற தாயும் இளங்குழந்தைகளும் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.

ஜப்பானின் மினமாட்டா நகரில் இதே நஞ்சினால் வந்த நோய் 1956இல் வெளிப்பட்டது. அந்நோயை ஆராய்ந்த மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் கிராசி நாரோசுக்கு வந்து, மினமாட்டாவில் கண்ட அறிகுறிகளையே இங்கும் கண்டார். எனினும் 1986இல் அமைந்த இழப்பீட்டு வாரியம் விண்ணப்பித்தவருள் பெரும்பாலோரை ஏற்கவில்லை. உடம்பிலுள்ள நோவுக்குச் சான்று காட்டச் சொல்லும் கொடுமையை என்னவென்பது?

2017இல் ஒன்டாரியோ அரசு ஆற்றைத் தூய்மையாக்க 8.5 கோடி டாலர் ஒதுக்கியது. நோயுற்றோருக்குக் கிராசி நாரோசிலேயே ஒரு பராமரிப்பு இல்லம் அமைக்க, 2020இல் நடுவணரசு உடன்பட்டது. ஆற்றடிச் சேற்றில் பாதரசம் இன்னும் இருக்கிறது. வால்ஐ மீன்களும் அதே நீரில்தான் நீந்துகின்றன.