நாவெழாத நாள்கள்

பக்தாத் நகரின் நிஜாமிய்யா கலாசாலையில் 300 மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவந்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல், ஒரு நாள் பாடம் சொல்ல முனைந்தபோது அவர்களுக்கு நாவெழவில்லை. உணவும் உள்ளே இறங்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தால் தீராது என மருத்துவர்கள் கைவிட்டனர்.

இமாமவர்களுக்கு ஈமான் குன்றிவிட்டதா? இல்லை. அல்லாஹ்வின் மீதும் நபித்துவத்தின் மீதும் மறுமையின் மீதும் அப்போது தமக்கு அசையாத உறுதி இருந்ததாக, ‘அல்முன்கித்’ என்னும் நூலில் அவர்களே எழுதியுள்ளார்கள். பின் எது இல்லை? தாம் போதிப்பது யாருக்காக என்று நிய்யத்தைத் துருவிப் பார்த்தார்கள். அங்கே இறைவனின் திருப்பொருத்தத்தைக் காணோம். பெயரும் பெருமையும் தேடும் ஆசையே அமர்ந்திருந்தது.

வாழ்வு வெறுமையாயிருக்கிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், உடனே அவருடைய ஈமானைச் சந்தேகிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஐவேளையும் தவறாமல் தொழுபவருக்கும் அந்த நிலை வரும். நாள்தோறும் கடை திறந்து அடைத்து, பெண்மக்களைக் கரையேற்றிய பெரியவர் ஒரு மாலையில், ‘இவையெல்லாம் எதற்காக?’ என மலைத்து நிற்கிறார். அடுப்படியே கதியென்று கிடந்த தாய்க்கும் அதே கேள்வி எழுகிறது. அவர்களிடம் தொழுகையைப் பற்றி விசாரிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். நம்பிக்கை தொழுகை விரிப்போடு நின்றுவிட்டு, அன்றாட உழைப்பினுள் இறங்காதபோதும் வெறுமை பிறக்கும். அந்த வெறுமையை உணர்வதே ஈமான் உயிரோடிருப்பதற்கு அடையாளம் என்பது நம் துணிபு.

இமாமவர்கள் மக்களின் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு, எஞ்சிய பொருளைப் பங்கிட்டுக் கொடுத்துப் புறப்பட்டார்கள். திமிஷ்க் நகரப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டு, பகல் முழுதும் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸ் சென்றார்கள்; ஹஜ்ஜும் செய்தார்கள். இதைப் படித்து வீட்டை விட்டுக் கிளம்ப எண்ணுவோர் அடுத்த செய்தியையும் படிக்க வேண்டும். பிள்ளைகளின் ஏக்க அழைப்பே இமாமவர்களைச் சொந்த ஊருக்குத் திரும்ப இழுத்தது!

1106இல் நைஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள். முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது பதவியாசையைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைப்பதாகவும் கூறினார்கள். விட்டுச் சென்ற அதே ஆசிரியப் பணிதான். பின்னர்ச் சொந்த ஊராகிய தூஸில், வீட்டருகே மத்ரஸா அமைத்துப் பாடம் சொல்லிவந்தார்கள். 1111இல் அவ்வூரிலேயே வஃபாத்தானார்கள்.