உயிருள்ள சரக்குக்கும் உண்டு வணிக நேர்மை



அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் நமது இதழில் வண்ண மீனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. சங்கராபுரம் கடைத்தெருவிலும் கள்ளக்குறிச்சி சாலையிலும் மளிகைக் கடை, பேன்சி ஸ்டோர், ஸ்டேஷனரிக் கடை என்ற வேறுபாடின்றி, கல்லா மேசையின் ஓரத்தில் சிறு கண்ணாடிக் குடுவைகளில் பைட்டர் மீன் வைத்து விற்கும் வழக்கம் வந்துவிட்டது. சீப்பு, பென்சில், மிட்டாய் வரிசையில் அதுவும் ஒரு சரக்காகிவிட்டது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். மீன் விற்றுவிடுகிறது.

ஒரு வாரம் கழித்து அதே பிள்ளை வருகிறது. "அண்ணாச்சி, மீன் வால் கிழிஞ்சு போச்சு, சாப்பிட மாட்டேங்குது, என்ன பண்றது?" என்று கேட்கிறது. நாம் என்ன பதில் சொல்கிறோம்? "அது அப்படித்தான் தம்பி, வேற ஒண்ணு வாங்கிக்கோ" என்கிறோம். இந்தப் பதிலைத்தான் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

பருப்பில் வண்டு விழுந்தால் மூட்டையை மாற்றிக் கொடுக்கிறோம். காலாவதியான பிஸ்கட் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். உயிருள்ள சரக்கை விற்கும்போது மட்டும் கைகழுவி விடுவது எந்த வணிக நெறியில் சேரும்?

மீனின் பூர்வீகம்

இந்த மீனின் சொந்த ஊர் சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்து. அங்குள்ள நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழ்ந்தது. 2019-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு இதைத் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நமக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் சென்னை கொளத்தூர் மொத்த வணிகர்களிடமிருந்து. கொளத்தூரும் அதையடுத்த திருவள்ளூர் மாவட்டப் பண்ணைகளும் வண்ண மீன் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து ஒவ்வொரு மீனும் தனித்தனி பாலிதீன் பையில் கட்டப்பட்டுப் பேருந்திலும் பார்சல் வண்டியிலும் ஏறி நம் ஊர் வந்து சேருகிறது.

நம் ஊர் ஏரி குளங்களில் பனையேறிக் கெண்டையைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் உயிரோடு துள்ளும். பைட்டர் மீனும் அந்த வகையைச் சேர்ந்ததே. செவுளுக்கு மேலே ஒரு தனி உறுப்பு இருப்பதால், நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். காற்றுக் குழாய் இல்லாத சிறு குடுவையிலும் அது சாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இந்தக் குணமே அதற்கு எமனாகவும் ஆகிவிட்டது. "குடுவையே போதும்" என்று நாமும் நினைத்துவிட்டோம், வாங்குபவரும் நினைத்துவிட்டார். மூச்சு விட முடிகிறது என்பதற்காக அந்த மீன் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாகாது.

வால் ஏன் கிழிகிறது?

துடுப்புச் சேதம் என்பது மூன்று வகை. இவற்றைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

முதலாவது, உராய்வினால் வரும் கிழிசல். கண்ணாடித் தொட்டியில் அழகுக்குப் போடும் பிளாஸ்டிக் செடி, கூரான கல், உடைந்த சிப்பி ஆகியவற்றில் வால் மாட்டிக் கிழியும். ஓரம் சுத்தமாக இருக்கும், நிறம் மாறாது, மீன் சுறுசுறுப்பாகவே இருக்கும். ஒரு பட்டுத் துணியை அந்தச் செடியின் மேல் இழுத்துப் பாருங்கள். துணி மாட்டினால் மீனின் துடுப்பும் மாட்டும். அப்படிப்பட்ட செடியை விற்காமலிருப்பதே நல்லது.

இரண்டாவது, கடித்தல். இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பது யாவரும் அறிந்ததே. பக்கத்துக் குடுவையிலுள்ள மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் ஓயாமல் சிலிர்த்துக் களைத்துப் போகும். சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்வதும் உண்டு. வாலில் வாய் வைத்து எடுத்தாற்போல வளைவான பள்ளம் தெரியும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. அது துடுப்பு அழுகல். ஓரம் கறுத்தோ, பழுப்பாகவோ, சிவந்தோ, வெள்ளையாக நைந்தோ காணும். நாளுக்கு நாள் வால் தேய்ந்துகொண்டே வரும். தண்ணீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்களே இதைச் செய்கின்றன. நலமான மீனை அவை எளிதில் அண்டுவதில்லை. அழுக்குத் தண்ணீரில் மீன் சோர்ந்து கிடக்கும்போது உள்ளே புகுகின்றன. ஈரம் ஏறிய மூட்டையில்தானே பூஞ்சணம் பிடிக்கிறது! அதுபோலத்தான் இதுவும்.

மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். ஆனால் செவுளையும் துடுப்பையும் அரிக்கும். தொட்டி பெரிதாக இருந்தால் அது நீர்த்துப்போகும். வடிகட்டியில் வளரும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் அதை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும். அரை லிட்டர் குடுவையில் இதற்கெல்லாம் வழியில்லை.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை

தொட்டி: ஒரு மீனுக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர். 15 முதல் 20 லிட்டர் இருந்தால் நயம். மீன் துள்ளிக் குதிக்கும், ஆகவே மூடி தேவை. மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே காற்றுக்கு இடம் விட வேண்டும்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரமென்றால் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம். கேன் தண்ணீர் சுத்தமானது என்று அதை மட்டுமே ஊற்றுவது தவறு. அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் மிகக் குறைவு. வடிகட்டி உள்ள தொட்டியில் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். வடிகட்டி இல்லையென்றால் 3 நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் கொட்டி மாற்றினால் மீன் அதிர்ச்சியடையும்.

வெப்பம்: 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இதற்கு ஏற்றது. நம் பகுதிக்குக் கோடையில் பிரச்சினை வேறு, மார்கழியில் வேறு. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் குடுவைத் தண்ணீர் கொதிக்கும். கல்வராயன் மலை அடிவார ஊர்களில் மார்கழி இரவில் மீன் விறைத்து அடியில் படுத்துவிடும். வெயில் நேராகப் படாத, குளிர்காற்று அடிக்காத இடமே சரி.

தீனி: இது பூச்சி தின்னும் மீன். பொரி, பிஸ்கட் தூள், சோறு எதுவும் ஆகாது. இதற்கென விற்கும் குறுணைத் தீனி காலையில் 2 அல்லது 3, மாலையில் 2 அல்லது 3 போதும். தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை.

இன்னொன்று. ஆண் மீன் தண்ணீர் மேல் நுரைக்குமிழிகளைக் கூடு போலக் கட்டும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று பயந்து வாடிக்கையாளர் ஓடிவருவார். அது முட்டைக்காகக் கட்டும் கூடு என்று சொல்லி அனுப்புங்கள்.

வால் கிழிந்தால் வைத்தியம்

முதல் மருந்து சுத்தமான தண்ணீர்தான். காரணத்தைக் கண்டு நீக்க வேண்டும். கூரான பொருளை எடுத்துவிடுங்கள், பக்கத்து மீனை மறைத்துவிடுங்கள். பிறகு நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றி வந்தால் வெறும் கிழிசல் தானே ஆறிவிடும்.

அழுகல் என்று தெரிந்தால் மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, நம் கடையில் மூட்டையாகக் கிடக்கும் கல் உப்பையே பயன்படுத்தலாம். அயோடின் முதலான எதுவும் சேர்க்காத உப்பாக இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் அளவு, அதாவது 5 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. தனியே கரைத்து மெதுவாகச் சேர்க்க வேண்டும். தண்ணீரை மாற்றும்போது, மாற்றிய அளவுக்கு மட்டுமே உப்பு சேர்க்க வேண்டும். 7 முதல் 10 நாளுக்கு மேல் தொடரலாகாது. இது நன்னீர் மீன் என்பதை மறக்கக் கூடாது.

தெருவோரம் நிழல் தரும் நாட்டு வாதாம் மரத்தின் உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி ஒன்று போடலாம். தாய்லாந்து வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் செய்வது இது. தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம். பூச்சிமருந்து அடித்த மரத்து இலை மட்டும் கூடாது. மெத்திலீன் புளூ மருந்தைப் பயன்படுத்துவோர், குப்பியில் குறித்த அளவுப்படி, தனிப் பாத்திரத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும். தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாவும் அழியும்.

ஒரு வாரம், இரண்டு வாரத்தில் வாலின் ஓரத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு வளரும். அதுவே குணமாவதன் அடையாளம். முழு வால் வளர மாதங்கள் ஆகலாம், நிறம் பழையபடி வராமலும் போகலாம். அழுகல் உடம்பைத் தொட்டுவிட்டால், செதில்கள் சிலிர்த்து நின்றால், மீன் தீனி எடுக்காமல் கிடந்தால், கால்நடை மருத்துவரிடமோ மீன்வளத் துறையினரிடமோ கேட்கச் சொல்வதே முறை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மனிதருக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டும் யோசனையை நாம் யாருக்கும் சொல்லக் கூடாது. மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். அளவு தெரியாத மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் தீமை மீனோடு நிற்காது.

நாம் செய்ய வேண்டியது

"பத்து ரூபாய் லாபத்துக்கு இவ்வளவு தொல்லையா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. தொல்லை வேண்டாம் என்பவர் இந்தச் சரக்கை விட்டுவிடலாம். அதில் தவறே இல்லை. விற்பதென்றால் ஒழுங்காக விற்க வேண்டும். நடுவில் ஒரு வழி இல்லை.

கணக்காகவும் பாருங்கள். பத்து மீன் கொள்முதல் செய்து மூன்று கடையிலேயே செத்தால், மிச்சம் ஏழின் லாபம் அதை ஈடுகட்டப் போய்விடும். குடுவைகளுக்கு நடுவே ஓர் அட்டையைச் சொருகி, தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, வந்த சரக்கை வாரத்துக்குள் விற்கும் அளவே வாங்கினால் அந்த நஷ்டம் பெரிதும் குறையும். குடுவை என்பது சில நாள் இருப்பு வைக்கத்தான், வாழ்வதற்கு அன்று என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். தொட்டியும் தீனியும் சேர்த்து விற்றால் நமக்கும் லாபம், மீனுக்கும் வாழ்வு.

மேலே கண்ட விவரங்களை அரைப்பக்கச் சீட்டாக அச்சடித்து ஒவ்வொரு மீனோடும் கொடுக்கலாம். சிறு பிள்ளை தனியே வந்து கேட்டால் பெரியவரை அழைத்து வரச் சொல்லலாம். வளர்க்க முடியாதவர் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளலாம். இல்லையேல் அவர் அதை மணிமுக்தா ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுவார். வெளியூர் மீனை நம் நீர்நிலையில் விடுவது நம் மீன்களுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். கூட்டம் சேர்க்க இரண்டு மீனை மோத விடுவது மட்டும் எந்தக் கடையிலும் கூடாது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டையிட விடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டத்தில் விலங்கு என்பது மனிதரல்லாத எல்லா உயிரையும் குறிக்கும்.

பெரிய அங்காடிகளும் கைபேசி வணிகமும் நம் வியாபாரத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கும் காலம் இது. அவர்களுடைய விலைக்கு நம்மால் இறங்க முடியாது. நம்மிடம் இருப்பது வாடிக்கையாளர் நம் வாய்ச்சொல்லின் மீது வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். அதைப் பிள்ளைகளிடம் இழந்தால், நாளைய வாடிக்கையாளரை இன்றே இழந்ததாகும்.

அடுத்த முறை வால் கிழிந்த மீனோடு ஒரு பிள்ளை நம் கடைப்படி ஏறினால், உட்கார வைத்து இரண்டு நிமிடம் விளக்கிச் சொல்லுங்கள். கல் உப்பு அரைக் கிலோ விற்றதாகவும் இருக்கும், ஓர் உயிரைக் காத்ததாகவும் இருக்கும்.