எழாத கணிப்பொறி

பழுதுற்ற பொருளை ஆராயாது எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. கடிகாரமும் தையற்பொறியும் நின்றுவிட்டால் அவற்றைத் திறந்து பார்ப்பாரைத் தேடிச் சென்றனர் நம் முன்னோர். நாமோ, கணிப்பொறி ஒன்று எழவில்லையெனின், "பழையது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்னும் சொல்லை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கின்றோம். இவ்வழக்கத்தாற் கெடுவது கைப்பொருள் மட்டுமன்று. சில வேளைகளில் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் தேடிய கல்வியும் அதனோடு கெடுகின்றது. இக்கருத்தை நான் வகுப்பறையிற் கற்கவில்லை. தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மச்சிற் கற்றேன்.

என் பாட்டனார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2004-ஆம் ஆண்டில் அவர் ஒரு மேசைக் கணிப்பொறி வாங்கினார். பொருநைக்கரை மக்கள் வழங்கும் சொற்களை அதிலே தொகுத்து வருவதே அவரது ஓய்வுக்காலத் தொழிலாயிற்று. முடுக்கு, வளவு, சாரம், பைய என்றாற்போல்வனவற்றைச் சந்தையிலும் வயல்வரப்பிலும் திண்ணையிலும் கேட்டு, பொருளோடும் கேட்ட இடத்தோடும் குறித்து வைத்தார். படி எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் மறைந்தபின் அப்பொறி ஈராண்டு துணி மூடிக் கிடந்தது.

சென்ற கோடை விடுமுறையில் அதனை இயக்க முயன்றேன். விசிறி சுழன்றது, நீண்ட ஒலியொன்று விட்டுவிட்டு எழுந்தது, திரை மட்டும் இருண்டே நின்றது. நகரத்திலே ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றோம. அங்கிருந்தவர் மூடியைத் திறவாமலே, "மதர்போர்டு போய்விட்டது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் அதனைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பயின்ற மாணவன் அத்தீர்ப்பை எங்ஙனம் ஏற்பான்? நோய் இன்னதென்று அறியாமலும், அதன் காரணத்தைத் தேடாமலும், நோயாளி இறந்தான் என்று கூறுவது மருத்துவமாகுமா?

கணிப்பொறி எழுவதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. பொத்தானை அழுத்தியதும், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளாக மாற்றித் தருகின்றது. மின்சாரம் நிலைபெற்றவுடன் மதர்போர்டிலுள்ள பயாஸ் என்னும் சிறு நிரல் விழித்தெழுந்து, நினைவகத்தையும் திரைக்குரிய உறுப்பையும் சோதிக்கின்றது. அதன்பின்னரே வன்தட்டைத் தேடி, அங்குள்ள இயங்குதளத்தை அழைக்கின்றது. ஆகவே, பொறி எந்தப் படியில் நிற்கின்றதோ அந்தப் படியே நோயின் இடத்தைக் காட்டிவிடும். விளக்கும் எரியாது விசிறியும் சுழலாதாயின், சுவரிலுள்ள மின்செருகி, மின்கம்பி, மின்வழங்கி ஆகியவற்றை முறையே நோக்க வேண்டும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், திரையின் கம்பியையும், பின்னர் நினைவகத்தையும் நோக்க வேண்டும். எழுத்துத் தோன்றியபின் நிற்குமாயின், வன்தட்டையோ இயங்குதளத்தையோ ஐயுறலாம். எழும் ஒலியும் பொருளற்றதன்று. செய்தவர்க்கேற்ப அதன் பொருள் வேறுபடுமாயினும், நீண்ட ஒலி விட்டுவிட்டு எழுதல் பல பொறிகளில் நினைவகக் குறையையே குறிக்கும். எங்கள் பொறி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பார்தாம் இல்லை.

எங்கள் தெருவில் வானொலி பழுதுபார்த்து வாழ்ந்த முதியவர் ஒருவர் உளர். அவர் எனக்குக் கூறிய அறிவுரை ஒன்றே: "தம்பி, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை மாற்றினால், எதனால் குணமாயிற்று என்பது உனக்குத் தெரியாமற் போகும்."

அவர் அருகிருக்க, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். தூசியைத் தூரிகையால் அகற்றினேன். மதர்போர்டிலுள்ள மின்தேக்கிகளின் தலை புடைத்திருக்கின்றதா என்று அவர் நோக்கினார். 2000-ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட பொறிகள் பலவற்றில் தரங்குறைந்த மின்தேக்கிகள் புடைத்து வெடித்ததுண்டாம். எங்களுடையவை நலமாகவே இருந்தன. பின்னர், நினைவகப் பட்டைகள் இரண்டையும் எடுத்து, அவற்றின் பொன்னிற விளிம்பை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஒன்றை மட்டும் பொருத்தினோம். இருளே நின்றது. அதை எடுத்துவிட்டு மற்றொன்றைப் பொருத்தினோம். குறுகிய ஒலி ஒன்று எழுந்தது. திரையில் எழுத்துத் தோன்றிற்று. கெட்டது விரலளவு அகலமுள்ள ஒரு பட்டையேயன்றி மதர்போர்டு அன்று. பொறியின் நாட்காட்டி மட்டும் 2004-இலேயே நின்றது. நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்றை மாற்றவே அதுவும் சரியாயிற்று.

பாட்டனாரின் கோப்பைத் திறந்தபோது எழுத்துக்கள் உருத்தெரியாது சிதறிக் கிடந்தன. அவர் தட்டெழுதிய காலத்தில் தமிழ் எழுத்துருக்களின் குறியீட்டு முறைகள் பலவாக இருந்தன. தமிழ்நாட்டரசு 1999-இல் டாம், டாப் என்னும் முறைகளை ஏற்றது. 2010-இலேதான் யூனிகோடு முறையைத் தரமாக்கியது. பழைய குறியீட்டை மாற்றும் மென்பொருள் இன்று எளிதிற் கிடைக்கின்றது. அதனால் மாற்றியபின், முதல் வரியிலேயே "முடுக்கு" என்னும் சொல் நின்றது. அம்மா அதை வாய்விட்டுப் படித்தார்கள்.

"பழைய பொறியைக் கட்டிக்கொண்டு அழுவதா?" என்று சிலர் வினவக்கூடும். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அப்பொறியிலுள்ள விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றுவிட்டன. அதனை இணையத்தோடு இணைத்தல் அறிவுடைமையன்று. மின்வழங்கியின் கூட்டைத் திறப்பதும் தகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். வன்தட்டில் டக் டக்கென்னும் ஒலி கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்காது வல்லாரிடம் ஒப்படைத்தலே நன்று. பழைய பொறிகளையெல்லாம் என்றென்றும் பேண வேண்டும் என்பது என் வாதமன்று. பொறி வேறு, அதனுள் இருக்கும் எழுத்து வேறு என்பதே என் வாதம். மதர்போர்டு மெய்யாகவே கெட்டிருந்தாலும், வன்தட்டு நலமாயின், அதனைக் கழற்றி வேறொரு கணிப்பொறியோடு இணைத்து எழுத்தை மீட்கலாம். அதன்பின் பொறியைக் கழிக்க நேர்ந்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும். ஆற்றங்கரையில் எரிப்பதனால் ஈயம் முதலிய நஞ்சுகள் மண்ணிலும் நீரிலும் கலக்கும்.

உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் முன்னர், ஏடு தேடி நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார். பயனற்றவை என்று ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்களும் அக்காலத்தில் இருந்தன. அவர்களை நாம் இன்று குறை கூறுகின்றோம். 2023 டிசம்பரில் பொருநை பெருகி வீடுகளுள் புகுந்தபோது நனைந்த கணிப்பொறிகளில் யார் யாருடைய எழுத்துக்கள் இருந்தனவோ! உலருமுன் இயக்கிக் கெடுத்தோமா, உலர்த்திப் பார்க்காமலே எறிந்தோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.

ஆதலின், நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் சேர்ந்து, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை இட்டு அமர்வோமாக. ஒரு திருப்புளியும், வன்தட்டை இணைக்கும் கம்பியும், பொறுமையும் அதற்குப் போதும். தம் வீட்டு மூலையில் எழாது கிடக்கும் பொறியை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். மீட்ட எழுத்துக்கு இரண்டு படிகள் எடுத்து, இரண்டிடங்களில் வைப்போம். எழுபவை எழட்டும், எழாதவற்றை, ஆராய்ந்து பார்த்த பின்னரே விட்டோம் என்னும் அமைதியோடு விடுவோம்.