ஒட்டினால் உறவா?

பின்னிஷும் மங்கோலியமும் சொல்லோடு விகுதியை ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள். ஆகவே இரண்டும் தமிழுக்குப் பங்காளிகள் என்கிறார் ஈரோட்டு நண்பர். பங்காளி என்றால் எந்தக் கூட்டம், எது குலதெய்வம் என்று கேட்கும் ஊருங்க இது!

வாதம் பழையது. 1856-இல் மொழி ஆய்வாளர் கால்டுவெல்லே, பின்னிஷ், மங்கோலியம் எல்லாம் அடங்கியதாக அவர் கருதிய ‘சித்திய’க் குடும்பத்தோடு திராவிடத்தைச் சேர்க்கப் பார்த்தார். ஆனால் பின்னிஷையும் மங்கோலியத்தையும் ஒரே குடும்பமாக்கிய ‘யூரல்-அல்தாயிக்’ கொள்கையையே மொழியியலாளர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். நண்பரின் அடுத்த சான்று, தமிழைப் போலவே வினை கடைசியில் வருமாம். மங்கோலியத்தில் வரும், பின்னிஷில் வழக்கமாக நடுவில் நிற்கும்.

நண்பரின் துருப்புச்சீட்டு ‘கை’. பின்னிஷில் ‘கேசி’. இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் ‘கையின்’ என்பதற்கு அவர்கள் சொல் ‘கேதென்’. அந்தச் சகரமே பழைய தகரத்தின் திரிபு. மங்கோலியருக்கோ கை ‘கர்’.

ஒற்றைச் சொல் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். உறவென்றால் ஒலிகள் வரிசையாக மாற வேண்டும். கன்னடம் புழங்கும் தாளவாடிக்குப் போய்க் கேளுங்கள்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. சொல்லின் தொடக்கத்தில் வரும் நம் பகரம் அங்கே பெரும்பாலும் ஹகரம். போகும் வழியில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சொந்தக்காரர் வீடு. நண்பரோ ஹெல்சிங்கிக்கு டிக்கெட் தேடுகிறார்.